சேர்மனுக்கு ஐந்து கிலோ கழிவு

ஒஹாயோவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு காலி டப்பாவை எப்படி நிறுப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள். சூப்பர்மார்க்கெட்டின் உள்மூலையில் இறைச்சித் துண்டுகளும் சீஸும் உப்புநீரில் ஊறிய ஒலிவ் காய்களும் நிறுத்து விற்கிற பகுதி ஒன்று உண்டு, டெலி என்பார்கள். மாவனல்லையில் ஒரு முஸ்லிம் நானாவின் இரும்புக்கடையில் எட்டு வருடம் ஆணி நிறுத்தவன் நான். விண்ணப்பத்தில் நிறுவையில் முன்னனுபவம் உண்டு என்று பெருமையாக எழுதியிருந்தேன். அந்தப் பகுதிக்கு மூத்தவள் டோனா, அறுபது வயதுக்காரி, என் அனுபவத்தைக் கொஞ்சமும் மதிக்காமல் ஒரு காலி டப்பாவை எடுத்துத் தராசில் வைத்தாள். ஏதோ ஓர் எண் விழுந்தது. ஒரு பொத்தானை அமுக்கினாள். டப்பா தராசின் மேலேயே இருக்க, எண் சைபருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஒலிவை அள்ளிப் போட்டாள். "டப்பாவின் எடைக்கு வாங்குகிறவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்றாள். நியாயம்தான். "தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது?" என்று கேட்டேன். ஓட்டைக் கரண்டியைத் தூக்கிக் காட்டி, வடித்துவிட்டுத்தான் போடுவோம் என்றாள். "சரி, கம்பெனிக்கு எவ்வளவு கழிப்பது?" என்றேன். டோனா என்னைப் பார்த்தாள். எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று முடிவுகட்டி, டப்பா, பொத்தான், சைபர் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

என் ஆங்கிலம் போதாது என்பது உண்மை. ஆனால் நான் கேட்டது சரியான கேள்வி. கரவனெல்லையிலிருந்து பஸ் ஏறி, ரப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இறங்கினால் எங்கள் தோட்டம். அங்கே பின்னேரம் நாலு மணிக்குக் கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும். மடுவம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதன் நடு விட்டத்தில் வட்ட முகத்தோடு ஒரு தொங்கு தராசு. பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாக்காகக் கொக்கியில் மாட்டி, முள்ளைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்: "இருவத்தொன்னு! கழிவு அஞ்சு! பதினாறு!" சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு, கம்பெனிக்கு இரண்டு. எங்கள் பக்கத்து மழைக்குத் தண்ணீரையாவது ஒப்புக்கொள்ளலாம். கம்பெனிக்கு இரண்டு எதற்கு என்று எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதில்லை; சாமிக்கு எடுத்து வைக்கிற மாதிரி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டுக் கிலோ எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். என் அக்கா புஷ்பம் நாள் தவறாமல் இருபது, இருபத்தொன்று கிலோ பறிப்பவள். மாதம் முழுக்க அரைப்பேர் வாங்குபவளும் அவள்தான்.

இதில் வேடிக்கை, கழிவு ஐந்து என்று கத்துகிற கணக்கப்பிள்ளை தியாகு வேறு யாருமில்லை, அவள் கட்டின புருசன். என் மச்சான். கம்பெனி வெட்டச் சொன்னதை அவர் வெட்டினார். பெண்டாட்டி, அடுத்தவன் பெண்டாட்டி என்ற பேதம் பார்க்காத நேர்மையான மனிதர். அக்கா மடுவத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், அவர் கையை நீட்டுகிற நேரம் பார்த்துத் தட்டிலிருந்து ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்துச் சட்டியில் போடுவாள்.

"என்னா புள்ள இது?"

"தண்ணிக்குக் கழிவுங்க."

"சோத்துல ஏது தண்ணி?"

"வெயிலு அடிச்ச அன்னைக்குக் கொழுந்துல ஏதுங்க தண்ணி?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். கல்யாணமான நாள் முதலாக ஒரு கரண்டி குறைவாகச் சாப்பிட்டே மனிதர் ஒல்லியாகிப் போனார் என்பது என் கருத்து.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் டோனாவின் காப்பிக் கோப்பை. இங்கே ஜனாதிபதித் தேர்தல் வந்தது. ஒரு பெரும் பணக்காரர் போட்டியிட்டார். டோனா அவருடைய பெயர் போட்ட கோப்பை ஒன்றைத் தன் சொந்தக் காசில் வாங்கி வந்தாள். எங்கள் ஊரில் வேட்பாளர் தொப்பி, குடை எல்லாம் சும்மா கொடுப்பார். அப்படியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் சேர்த்துக் கேட்போம். இங்கே வேட்பாளரே கடை போட்டு விற்கிறார், சனமும் வரிசையில் நின்று வாங்குகிறது. ஏன் அவரைப் பிடிக்கும் என்று கேட்டேன். "அவரிடம் ஏற்கனவே எல்லாம் இருக்கிறது. அவரை யாரும் விலைக்கு வாங்க முடியாது" என்றாள் டோனா. கையில் பிடித்திருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன், மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, கம்பெனி கொடுத்த எங்கள் லயத்து அறையின் அடுப்படியில் அக்கா சொன்ன அதே வார்த்தை.

அந்த மூன்று வாரமும் எங்கள் நாட்டிலும் ஜனாதிபதித் தேர்தல்தான். ஒரே வருடத்தில் இரண்டு நாட்டுத் தேர்தல், இரண்டிலும் எனக்கு ஓட்டில்லை. இங்கே கிரீன் கார்ட் லாட்டரியில் வந்தவன், குடியுரிமை இல்லை. அங்கே நாலு வருடம் ஆளைக் காணவில்லை என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இரண்டு தோட்டத்திலும் அரைப்பேர். அங்கே எங்கள் சேர்மன் நின்றார். எங்கள் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற கம்பெனிக்கு அவர்தான் முதலாளி. அது மட்டுமா? காலையில் பல் விளக்குகிற பற்பசை அவருடையது, பகல் கொதிக்க வைக்கிற நூடுல்ஸ் அவருடையது, பொழுது சாய்ந்தால் கொளுத்துகிற கொசுவர்த்தியும் அவருடையது. பாட்டுப் போடுகிற வானொலியும் அவருடையதுதான். பாட்டுக்கு நடுவில் நாட்டைக் காப்பாற்ற யார் வருவார் என்று அது கேட்கும், அடுத்த பாட்டு முடிந்ததும் அதுவே பதில் சொல்லும். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே நூடுல்ஸ் பாக்கெட்டில் அவருடைய சிரித்த முகம் வந்துவிட்டது. மற்ற வேட்பாளர்கள் சுவரில் போஸ்டர் ஒட்ட அலைந்தார்கள். சேர்மனை நாங்களே கடையில் வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம்.

"வயிறு ரொம்பினவன்டா. நம்ம தட்டுல கை வைக்க மாட்டாரு" என்றாள் அக்கா. தோட்டத்து வாசலில் முச்சக்கர வண்டி ஓட்டுகிற சுனிலும் இதையேதான் சொன்னான்: "சல்லி தியன மினிஹா ஹொரகங் கரன்னெ நே." பணமுள்ளவன் திருட மாட்டானாம். சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் எனக்கு இது விளங்கவில்லை. திருடாமல் அவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால், அமெரிக்காவுக்குப் போனதும் உனக்கு வாய் நீண்டுவிட்டது என்று எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள்.

"அப்ப கழிவு?" என்று அக்காவைக் கேட்டேன். "கம்பெனிக்கு ரெண்டுன்னு வெட்டுறாங்களே, அது யாரு கம்பெனி?"

"அது அவருக்குத் தெரியாதுடா. கீழ இருக்கிறவனுங்க பண்றது. தெரிஞ்சா விடுவாரா? அவரு தோட்டத்துக்கு வர்றாரு. நேர்லயே சொல்லப் போறேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "ஒங்கக்கா சொல்லிட்டா என்னா ஆகும் தெரியுமா?" என்று பிறகு என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். "கம்பெனி வெட்டச் சொல்லிச்சுன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா? கத்துறது நான். கணக்கப்பிள்ளதான் திருடினான்னு சொல்லி, அன்னைக்கே என்னய வெரட்டிருவாங்க. இந்த வீடும் போயிரும்." அது உண்மை. வேலை போனால் லயத்து அறையும் போகும். அன்று முதல் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அக்கா பேசினால் மச்சான் தொலைந்தார். பேசாவிட்டால் ஆயுசுக்கும் அரைப்பேர்.

சேர்மன் வருவதற்கு நாலு நாள் முன்பு கொழும்பிலிருந்து ஒரே மாதிரிச் சட்டை போட்ட பையன்கள் வந்தார்கள். கம்பெனியின் விளம்பரப் பகுதியாம். நூடுல்ஸ் விற்றவர்களுக்குத்தான் இப்போது ஜனாதிபதி விற்கிற வேலை. அவர்களின் தலைவன் கசுன். லயத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள், ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும். சேர்மனுடைய கார் நிற்கும் இடம் வரை தார் போட்டார்கள். அதற்கு அப்பால் பழைய குழிகள் பழையபடியே இருந்தன. பெண்கள் சார்பில் நன்றி சொல்ல, சிங்களம் நன்றாகப் பேசுகிற அக்காவைத் தேர்ந்தெடுத்து, குடை கொடுத்ததற்கு நன்றி என்று நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். கசுன் எப்போதோ போனில் துலாபாரம் பார்த்திருக்கிறான். எடைக்கு எடை காணிக்கை கொடுக்கிற அந்த வழக்கம் அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சேர்மனை மாரியம்மன் முன்னிலையில் நிறுத்து, அவர் எடைக்குச் சரியாக அவருடைய கம்பெனித் தேயிலைப் பாக்கெட்டுகளைத் தொழிலாளருக்குக் கொடுப்பது என்று திட்டம். நாங்கள் பறித்த தேயிலை கொழும்பு சுற்றிவிட்டு எங்களுக்கே அன்பளிப்பாக வருகிறது. இரண்டு தட்டுத் தராசுதான் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே நூறு கிலோ வரை காட்டுகிற கொழுந்துத் தராசையே கோயில் வாசலில் கட்டி, கொக்கியில் பூச்சுற்றிய ஊஞ்சல் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். தராசை வேறு யார் படிப்பது? மச்சான்தான்.

சேர்மன் வந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் பார்க்க லட்சணமாக இருந்தார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். போனைப் பார்த்து "வணக்கம், நாங் உங்கட புள்ள" என்று தமிழில் படித்தார். தப்பு மேளம் முழங்கியது. ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டார். நாலைந்து கமராக்கள் அவர் முகத்துக்கு நேரே. மச்சான் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார். முள் ஆடி அடங்கியது. எத்தனை வருடப் பழக்கம்! மனிதர் தன்னை மறந்து, வயிற்றிலிருந்து குரலெடுத்துக் கத்தினார்:

"தொண்ணூத்தி ஒன்னு! கழிவு அஞ்சு! எம்பத்தாறு!"

தப்பு நின்றது. பிறகு பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அவ்வளவுதான், இருநூறு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தோட்டத்துத் துரைக்கு, அதாவது மனேஜருக்கு, மட்டும் முகம் கறுத்துப்போனது. சேர்மன் ஊஞ்சலில் தொங்கியபடியே, சிரிப்பு மாறாமல், "மொகட்டத கெபுவே?" என்று கேட்டார். எதற்கு வெட்டினாய்? மச்சானுக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை. "சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு, கம்பெனிக்கு ரெண்டு, சேர்" என்று ஒப்பித்தார். யாரோ அதைச் சிங்களத்தில் சொன்னார்கள். சேர்மன் தன் வேட்டியைத் தொட்டுக் காட்டி, நான் நனையவில்லையே என்று சிங்களத்தில் கேலியாகச் சொன்னார். அப்போது அக்கா முன்னால் வந்தாள். மடித்த தாளை வெளியே எடுக்கவே இல்லை.

"அபித் தெமிலா நே, சேர். அவ்வ தவஸ்வலத் கபனவா."

நாங்களும் நனையவில்லை, வெயில் நாளிலும் வெட்டுகிறார்கள். அவ்வளவுதான் சொன்னாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

பணக்காரர் எப்படிப் பணக்காரர் ஆனார் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. சேர்மன் தொங்கிக்கொண்டே மைக்கை வாங்கினார். இன்று முதல் இந்தத் தோட்டத்தில் கழிவு இல்லை என்றார். விசில் பறந்தது. பெண்கள் அழுதார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் கை தட்டினேன். கசுன் ஓடிவந்து மச்சானைக் கட்டிப்பிடித்து, "சூப்பர் அங்கிள்! இத எழுதி வச்சுச் செய்ய ஏலாது!" என்றான். அடுத்த நாளே சேர்மனுடைய வானொலியில் மச்சானின் கத்தலை வைத்து ஒரு பாட்டு. கரவனெல்லைச் சந்தியில் பெரிய பலகை: "இனி நாட்டில் கழிவு இல்லை." எங்கள் ஐந்து கிலோவை வெட்டியவரும் அவர், அதை நிறுத்தியதற்குப் புகழ் வாங்கியவரும் அவர். அதே கம்பெனியின் மற்றத் தோட்டங்களில் வெட்டு வழக்கம்போல நடந்தது. ஆனாலும் எங்கள் தோட்டத்தில் தேர்தல் வரைக்கும் பதினொரு நாள் கழிவு இல்லை. அக்காவுக்குப் பதினொரு நாளும் முழுப்பேர், மச்சானுக்கு முழுத்தட்டுச் சோறு. அக்கா சேர்மனுக்கே ஓட்டுப் போட்டாள். நான் விமானம் ஏறினேன்.

இந்தக் கதையை டோனாவுக்கு ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னேன். கோப்பையைப் பிடித்தபடி கவனமாகக் கேட்டாள். "எல்லோர் முன்னாலும் ஐந்து கிலோ குறைந்ததா?" என்றாள். "அது எத்தனை பவுண்டு? என்ன சாப்பாடு சாப்பிட்டார்?" நான் கதையைத் திரும்ப முதலிலிருந்து சொல்லவில்லை.

சேர்மன் தோற்றார், மூன்றாவதாக வந்தார். ஆனால் கொடுத்த வாக்கை மறக்கவில்லை: மடுவத்துக்கு அவருடைய அன்பளிப்பாகப் புதிய டிஜிட்டல் தராசு வந்தது. முகப்பில் அவர் சிரிக்கிற ஸ்டிக்கர். இனி யாரும் முள் பார்த்துக் கத்த வேண்டியதில்லை. எண் தானாகவே விழும், மச்சான் அதைத் துண்டுச் சீட்டில் எழுதினால் போதும். அக்கா ஒரு வாரம் கழித்துப் போனில் சொன்னாள்: "கழிவுன்னு யாரும் சொல்றதில்லடா. ஆனா திரும்ப அரைப்பேருதான். என் முதுகுக்குத் தெரியாதா எத்தன கிலோன்னு?"

"மச்சானுக்குக் கரண்டி?"

"இப்பெல்லாம் தட்டுலருந்து எடுக்கிறதில்ல. போடும்போதே கொறச்சிப் போட்டுர்றேன். அவருக்குத் தெரியாது."

மச்சானுக்குத் தெரியாமலா இருக்கும்? அவளுக்கும் தராசைப் பற்றி அப்படித்தான் தெரிந்திருந்தது. ஒருநாள் அக்கா கரவனெல்லைக் கடையில் ஐந்து கிலோ அரிசி, பிரிக்காத பையோடு வாங்கிவந்து, நிறுவைக்கு முன் எல்லாப் பெண்களும் பார்க்கத் தராசில் வைத்தாள். ஸ்டிக்கரில் சேர்மன் சிரித்தார். எண் விழுந்தது: ஒன்று. பையில் ஐந்து என்று அச்சடித்திருக்கிறது, தராசு ஒன்று என்கிறது. "மெசினுக்குப் பசி போல" என்றாளாம் ஒருத்தி. துரை இறங்கி வந்து, அது செட்டிங், அரிசியை எடு, நிறுவையைத் தொடங்கு என்று மச்சானைப் பார்த்து அதட்டியிருக்கிறார். மச்சான் அரிசிப் பையைப் பார்த்தாராம், அக்காவைப் பார்த்தாராம். பிறகு பல நாள் கத்தாத தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினாராம்:

"ஒன்னு! கூட்டு நாலு! அஞ்சு!"

அடுத்த சாக்குக்கும் கூட்டு நாலு. அதற்கு அடுத்ததற்கும். துண்டிலும் அப்படியே எழுதினார். துரை அவரை இரண்டு தடவை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது தடவை வேலையை விட்டு நிறுத்துகிற கடிதம் வரும் என்று சொல்லியிருக்கிறார். இருநூறு பெண்களும் சாக்கைத் தோளிலிருந்து இறக்காமல் ஆபீஸ் வாசலில் நின்றதால் கடிதம் இதுவரை வரவில்லை. நாளைக்கு வரலாம். அரிசிப் பை தினமும் மடுவத்துக்குப் போய் வருகிறது. வீட்டில் மச்சானுக்கு இப்போது தட்டு நிறையச் சோறு, அதற்கு மேல் கூட்டு ஒரு கரண்டி.

அங்கே பின்னேரம் நாலு மணி என்றால் இங்கே விடிகாலை ஆறரை, கடை திறக்கிற நேரம். கடிதம் வந்ததா என்ற பயத்தில் நான் தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். போன வாரம் ஒருநாள் வைக்க வேறு இடமில்லாமல் போனைத் தராசின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். மடுவம் தெரிந்தது, மழை தெரிந்தது, பிளாஸ்டிக் தாள் சுற்றிய அரிசிப் பை தெரிந்தது. மச்சானின் குரல் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் வந்து அரைப் பவுண்டு ஒலிவ் கேட்டார். பழக்க தோஷம், டப்பாவை வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அக்காவும் மச்சானும் மடுவமும் மழையும் தராசின் மேலேயே இருக்க, எண் சைபருக்குப் போய்விட்டது.

பதறிப்போய் போனைக் கையில் எடுத்தேன். தராசு கழித்தல் குறி போட்டுக் கீழே போய் நின்றது. எவ்வளவு எடுத்தேனோ அவ்வளவு குறை. "திரும்ப அமுக்கு, சரியாகிவிடும்" என்றாள் டோனா. கையில் இருந்த போனுக்குள்ளிருந்து "கூட்டு நாலு!" என்று சத்தம் வந்தது. நான் பொத்தானைத் தொடவில்லை. அரைப் பவுண்டு காட்டும் வரைக்கும், போனின் எடைக்கும் சேர்த்து, ஒலிவை அள்ளி அள்ளிப் போட்டேன்.